மரணசாசனம் எழுதியாயிற்றா?



  

தியானப் பகுதி: எபிரெயர் 9:15-17

இந்தப் பகுதியில் ஆவியானவர் ஒரு பூமிக்குரிய காரியத்தைக் காட்டி ஒரு பரலோக காரியத்தைப் போதிக்கிறார். ஊரில் உயில் என்று சொல்லுகிறோமே, அதுதான் அந்தக் காரியம். நம்முடைய வேதாகமத்தில் அதற்கு மரணசாசனம் என்று பேர். எழுதினவன் உயிரோடிருக்கும் நாளெல்லாம் அந்தக் காகிதம் பெட்டியில் தூங்கும். அவன் கண்ணை மூடின பிறகுதான் அது வாயைத் திறக்கும். அவன் பேச முடியாத நாளில் அவனுக்காகப் பேசும்.

"என்ன பாஸ்டர், எழுப்புதல் செய்தி வரும்னு பார்த்தா உயிலைப் பத்தி எழுதுறீங்களே" என்று சிலர் நினைக்கலாம். பிரியமானவர்களே, வீட்டுக்குள்ளே சமாதானம் இல்லாத இடத்தில் எழுப்புதல் தங்காது. ஆகையால் பொறுமையோடு கடைசி வரை வாசியுங்கள்.

நம்முடைய ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியைக் கர்த்தர் நம் கண் முன்னே மாற்றிப்போட்டார். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஓடத் தொடங்கினது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ நிசான் தொழிற்சாலை வந்தது. சிப்காட் வந்தது, ஆறு வழிச் சாலை வந்தது. மல்லாட்டை போட்ட மேட்டு நிலத்தை இன்றைக்குச் சதுர அடிக் கணக்கில் பேசுகிறார்கள். அப்பா சைக்கிளில் போன வீட்டில் பிள்ளைகள் காரில் போகிறார்கள். ஸ்தோத்திரம். ஆனால் ஜெபக்குறிப்புப் பெட்டியில் விழுகிற சீட்டுகளும் மாறிவிட்டன. முன்பெல்லாம் "வேலை கிடைக்க", "மழை பெய்ய" என்று எழுதினார்கள். இப்போது அதிகமாய் வருவது, "அண்ணன் பங்கு தர", "கேஸ் ஜெயிக்க."

1. இரண்டு பூட்டு தொங்கின ஷெட்

பேரும் ஊரும் சொல்லாமல் ஒரு குடும்பத்தின் காரியத்தை எழுதுகிறேன். ஒரு சகோதரன் ஒரே ஒரு பழைய லேத் மிஷினை வைத்துப் பட்டறை தொடங்கினார். கம்பெனிகளுக்குச் சாமான் சப்ளை செய்கிறவர்களிடம் ஜாப் ஒர்க் வாங்கினார். கர்த்தர் ஆசீர்வதித்தார். ஒரு மிஷின் நாலு மிஷின் ஆனது. கூரை ஷெட் தகர ஷெட் ஆனது. ஆறு பேருக்குச் சம்பளம் கொடுத்தார். தசமபாகத்தில் ஒரு மாதமும் தவறினதில்லை. ஒரு நாள் ராத்திரி படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை.

அவர் இரட்சிக்கப்பட்டவர். அவர் எங்கே போனார் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் பீரோவைத் திறந்து பார்த்தபோது பத்திரம் இருந்தது, பாங்க் பாஸ்புக் இருந்தது, ஒரு வரிகூட உயில் இல்லை.

பெரியவன் சொன்னான்: "பதினைஞ்சு வருஷமா அப்பாகூட எண்ணெயிலயும் இரும்புலயும் நின்னவன் நான். பட்டறை எனக்குத்தான்." சின்னவன் சொன்னான்: "என் சம்பளத்துலதானே ரெண்டாவது மிஷின் வந்துச்சு?" கட்டிக்கொடுத்த மகள் கேட்டாள்: "நான் மட்டும் அவருக்குப் பிள்ளை இல்லையா?" அடக்கம் முடிந்து இரண்டு மாதம் ஆகவில்லை, ஷெட்டில் பெரியவன் பூட்டு ஒன்று, சின்னவன் பூட்டு ஒன்று. ஆர்டர் கொடுத்தவர்கள் எத்தனை நாள் காத்திருப்பார்கள்? வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். மிஷின் துருப்பிடித்தது. ஆறு வீட்டில் அடுப்பு எரிவது கஷ்டமாயிற்று. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் இந்தப் பக்கம், தம்பி அந்தப் பக்கம். திருவிருந்து அப்பம் ஒன்று, பிட்கிற கைகள் ஒன்றுக்கொன்று விரோதம்.

அந்தச் சகோதரன் முப்பது வருஷம் பாடுபட்டுச் சேர்த்தது கலைவதற்கு மூன்று மாதம்கூடப் பிடிக்கவில்லை. தேவ பிள்ளையே, உன் பீரோவில் என்ன இருக்கிறது?

2. மவுண்ட் ரோட்டில் ஒரு வெள்ளைக் கட்டடம்

சென்னைக்குப் போகிறவர்கள் அண்ணா சாலையில் ஒரு பழைய வெள்ளைக் கட்டடத்தைப் பார்த்திருப்பீர்கள். ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை. ரயில் நிலையங்களில் அந்தப் பேர் போட்ட புத்தகக் கடையையும் பெரியவர்கள் பலர் அறிவார்கள். அந்தக் கடையின் சரித்திரம் நமக்கு ஒரு பாடம்.

வெள்ளைக்காரன் ஆட்சிக் காலத்தில் மதராசில் வெஸ்லியன் மிஷனரிமார் ஒரு புத்தகக் கிடங்கு நடத்தினார்கள். அதில் நூலகராக வேலை பார்த்தவர் ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம். கப்பலில் திருட்டுத்தனமாய் ஏறி வந்தவரை மாலுமி மதராசில் இறக்கிவிட்டான் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. மிஷனரிமாருக்குக் கிடங்கு நஷ்டத்தில் ஓடிற்று. குறைந்த விலைக்கு விற்றுவிட நினைத்தார்கள். அவரே அதை வாங்கி 1844-ல் தன் பேரில் கடை தொடங்கினார். வேலைக்காரராக நின்ற இடத்தில் முதலாளியானார். 1875-ல் வேல்ஸ் இளவரசர் இந்தியாவுக்கு வந்தபோது அவருக்குப் புத்தகம் கொடுக்கும் கடையாக நியமனம் பெற்றார். 1888, 1889 வருஷங்களில் மதராஸ் நகரத்தின் ஷெரீப்பாகவும் இருந்தார். 1891-ல் மரித்தார்.

தகப்பனுக்குப் பின் குமாரன் சி. எச். ஹிக்கின்பாதம் கடையை நடத்தினார். நன்றாகவே நடத்தினார். வியாபாரம் மதராஸ் மாகாணத்துக்கு வெளியேயும் போனது. இன்றைக்கு நாம் பார்க்கிற அந்தக் கட்டடம் 1904-ல் எழும்பினது. ஆனால் 1925-ல் கடை குடும்பத்தின் கையை விட்டுப் போனது. ஸ்பென்சர் கம்பெனியின் ஜான் ஓக்ஷாட் ராபின்சன் அதை வாங்கினார். பிறகு 1940-களில் அனந்தராமகிருஷ்ணன் அவர்களுடைய அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் கைக்கு வந்தது. தகப்பன் தொடங்கினது முதல் கை மாறினது வரை எண்ணினால் 81 வருஷம். இரண்டு தலைமுறை.

பாரிமுனை என்று பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறோமே, அந்தத் தாமஸ் பாரியும் அப்படித்தான். 1788-ல் மதராசுக்கு வந்தார். வியாபாரம் பெருகிற்று. 1824-ல் காலராவில் மரித்தார். கம்பெனியை அவருக்குப் பின் நடத்தினவர் அவருடைய கூட்டாளி ஜான் வில்லியம் டேர். 1981-ல் அது முருகப்பா குழுமத்துக்கு வந்தது. தெருமுனைக்குப் பேர் நின்றது; கல்லாப்பெட்டியின் சாவி வேறு வேறு கைக்குப் போய்க்கொண்டே இருந்தது.

இதை அந்தக் குடும்பங்களைக் குறை சொல்ல எழுதவில்லை. சாலொமோன் ராஜா பிரசங்கி 2-ம் அதிகாரத்தில் இதையேதான் நினைத்துப் பெருமூச்சு விட்டார். தான் பாடுபட்டது தனக்குப் பின் வருகிறவன் கைக்குப் போகும். அவன் புத்திமானோ புத்தியில்லாதவனோ யாருக்குத் தெரியும் என்று கலங்கினார். சாலொமோனுக்குப் பின் ரெகொபெயாம் வந்தான். பத்துக் கோத்திரம் போயிற்று. எவ்வளவு கெட்டிக்காரத் தகப்பனும் தன் கல்லறைக்கு அந்தப் பக்கம் கணக்குப் பார்க்க முடியாது.

3. ஆபேலும் யோசுவாவும்

அந்தப் புத்தகக்கடைக்காரருடைய பேரைக் கவனித்தீர்களா? ஏபெல் ஜோஷுவா. நம்முடைய வேதாகமத்தில் ஆபேல், யோசுவா. ஒரே பேரில் இரண்டு சரித்திரம் இருக்கிறது.

ஆபேல் யார்? தமையன் கையால் மாண்ட தம்பி. உலகத்தில் முதன்முதல் பிறந்த இரண்டு சகோதரருக்குள்ளேயே பொறாமை நுழைந்தது. அவர்களுக்குப் பத்திரம் இல்லை, பட்டா இல்லை, முழு பூமியும் காலியாய்க் கிடந்தது. அப்படியிருந்தும் வயல்வெளியில் இரத்தம் சிந்தினது. சொத்து அதிகமானால் சண்டை வராது என்று நினைக்காதேயுங்கள். சண்டை நிலத்தில் முளைக்கிறதில்லை, இருதயத்தில் முளைக்கிறது.

யோசுவா யார்? தேசத்தைக் கோத்திரம் கோத்திரமாய்ப் பங்கிட்டுக் கொடுத்தவன். சீலோவிலே கர்த்தருடைய சந்நிதியில் எல்லாருக்கும் தெரியச் சீட்டுப் போட்டான். எல்லையைக் குறித்து எழுதி வைக்கச் செய்தான். எல்லாருக்கும் கொடுத்து முடித்த பிறகு கடைசியில்தான் தனக்கென்று திம்னாத்சேராவைப் பெற்றுக்கொண்டான் (யோசுவா 19:49,50). பங்கு பிரிக்கிறவன் கடைசியில் எடுத்தால் வீட்டில் சமாதானம் இருக்கும்.

தகப்பன்மாரே, உங்களுக்குப் பின் உங்கள் வீட்டில் ஆபேலின் வயல்வெளி இருக்கப்போகிறதா, சீலோவின் சந்நிதி இருக்கப்போகிறதா? அதை நீங்கள் உயிரோடிருக்கும்போதே தீர்மானிக்க வேண்டும்.

4. குமாரத்திகளுக்கும் பங்கு உண்டு

"பொண்ணுக்குச் சீர் செஞ்சாச்சு, நகை போட்டாச்சு, இனிமேல் என்ன பங்கு?" இது விசுவாசிகள் வீட்டிலும் கேட்கிற பேச்சு. செலொப்பியாத்தின் ஐந்து குமாரத்திகளை வாசியுங்கள் (எண்ணாகமம் 27). மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். தகப்பன் மரித்தான், ஆண்பிள்ளை இல்லை. அந்தப் பெண்பிள்ளைகள் மோசேக்கும் எல்லாப் பிரபுக்களுக்கும் முன்பாக வந்து நின்று பங்கு கேட்டார்கள். மோசே தன் சொந்த யோசனையைச் சொல்லவில்லை, கர்த்தரிடத்தில் கொண்டுபோனார். கர்த்தரோ, அவர்கள் கேட்பது சரி என்று தீர்ப்புச் சொன்னார். அந்தப் பங்கைக் கையில் கொடுத்தது யார் தெரியுமா? அதே யோசுவாவின் நாட்களில் அது கொடுக்கப்பட்டது (யோசுவா 17). அல்லேலூயா!

அங்கே ஆண்பிள்ளை இல்லையே என்று கேட்பீர்கள். நம்முடைய தேசத்தின் சட்டம் அதைத் தாண்டியும் பேசுகிறது. கிறிஸ்தவர்களுக்கு 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம் உண்டு. ஹிக்கின்பாதம்ஸ் கை மாறின அதே வருஷம். உயில் எழுதாமல் ஒரு கிறிஸ்தவன் மரித்தால் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு. மீதி இரண்டு பங்கு பிள்ளைகளுக்குச் சமமாய். மகன், மகள் என்ற வித்தியாசம் அதில் கிடையாது. கட்டிக்கொடுத்தவள், வீட்டிலிருக்கிறவள் என்ற வித்தியாசமும் கிடையாது.

5. வயதான தாயாரை யார் பார்ப்பது?

இன்னொரு காரியம் அநேகருக்குத் தெரியாது. பிள்ளைகள் இருக்கும்போது உயில் இல்லாமல் ஒருவன் மரித்தால், அவனுடைய தாய் தகப்பனுக்கு அந்தச் சட்டத்தில் பங்கு இல்லை. நான் சொன்ன அந்தப் பட்டறைக்காரச் சகோதரனுக்கு எண்பது வயது தாயார் இருக்கிறார்கள். மகன் இருந்த வரைக்கும் மருந்து மாத்திரை தானாக வந்தது. இப்போது ஒரு பேரன் மற்றவனைக் காட்டுகிறான், மற்றவன் இவனைக் காட்டுகிறான். "எம் புள்ள எனக்குன்னு ஒரு வரி எழுதியிருந்தா இப்படி வாசப்படியில உக்காந்திருப்பனா" என்று அந்தத் தாயார் சொன்னபோது எனக்குப் பதில் வரவில்லை. ஜெபித்துவிட்டு வந்தேன்.

நம்முடைய ஆண்டவரைப் பாருங்கள். சிலுவையில் அவருக்கென்று என்ன இருந்தது? வஸ்திரத்தைக்கூட சேவகர் பங்குபோட்டுக்கொண்டார்கள். வீடில்லை, நிலமில்லை, பணப்பையில்லை. அந்த வேதனையின் நடுவிலும் தாயாரைப் பார்த்தார், அன்பான சீஷனைப் பார்த்தார், இவர்களுக்கு அவரையும் அவருக்கு இவர்களையும் ஒப்படைத்தார் (யோவான் 19:26,27). உலகத்தின் பாவத்தையெல்லாம் சுமக்கிற நேரத்திலும் வீட்டுக் காரியத்தை ஒழுங்குபடுத்தினார். "எல்லாம் கர்த்தர் பார்த்துக்குவார்" என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டிருக்கிற சகோதரனே, கர்த்தர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று அங்கே பார்.

6. செய்ய வேண்டியது

நான் சட்டம் படித்தவனல்ல, வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்தவன். ஆகிலும் ஒவ்வொரு விசுவாசியும் அறிந்திருக்க வேண்டிய சில காரியங்களை எழுதுகிறேன்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத் தாளில் தெளிவாய் எழுதலாம். எழுதினவர் கையெழுத்துப் போட வேண்டும். அதைக் கண்ட இரண்டு சாட்சிகள் அவருக்கு முன்பாகக் கையெழுத்துப் போட வேண்டும். எதையாவது பெறப்போகிறவரோ, அவருடைய கணவன் மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது. போட்டால் உயில் நிற்கும், ஆனால் அந்த ஆளுக்கு எழுதினது செல்லாமல் போகும். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயமல்ல. செய்துகொண்டால் பிற்பாடு வாய்த்தகராறு குறையும். உயிரோடிருக்கும் வரைக்கும் எத்தனை தரம் வேண்டுமானாலும் மாற்றலாம். கலியாணத்துக்கு முன் எழுதின உயில் கலியாணம் ஆனதும் ரத்தாகிவிடும், புதிதாய் எழுத வேண்டும். பாங்க் கணக்கில் நாமினி போட்டாயிற்றே என்று இருந்துவிடாதீர்கள். நாமினி பணத்தை வாங்குகிறவர், அவரே வாரிசு என்று ஆகிவிடாது. பூர்வீகச் சொத்து உள்ளவர்களும், வேறு மார்க்கத்துக் குடும்பத்திலிருந்து இரட்சிக்கப்பட்டு வந்தவர்களும் அவசியம் ஒரு நல்ல வக்கீலைப் பாருங்கள்.

பட்டறை, கடை வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நிலத்தைக் கூறுபோடலாம், ஓடுகிற லேத்தைக் கூறுபோட முடியாது. தொழிலை யார் நடத்துவது, மற்றவர்களுக்கு ஈடாய் என்ன கொடுப்பது, கடன் யாரிடம் எவ்வளவு, வேலைக்காரருக்கு என்ன பாக்கி, எல்லாம் எழுதுங்கள். ஆபிரகாம் தன் ஆஸ்தியை ஈசாக்குக்குக் கொடுத்தான். மற்றப் பிள்ளைகளுக்குத் தான் உயிரோடிருக்கையிலேயே நன்கொடை கொடுத்து வழியனுப்பினான் (ஆதியாகமம் 25:5,6). மூடி வைத்துச் செய்யாதீர்கள். பிள்ளைகளை உட்காரவைத்து, ஜெபித்து, வாய்திறந்து சொல்லுங்கள்.

சபைக்கு எழுதிவைப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர்கள் தர்ம காரியத்துக்கும் தேவ காரியத்துக்கும் உயில் எழுத முன்பு அந்தச் சட்டத்தின் 118-ம் பிரிவு தடை வைத்திருந்தது. 2003-ல் சுப்ரீம் கோர்ட் அந்தப் பிரிவைச் செல்லாது என்று தீர்த்தது. இன்றைக்கு எழுதலாம். ஆனால் மனைவியைத் தெருவில் விட்டுவிட்டு ஆலயத்துக்குத் தளம் போட வேண்டாம். கொர்பான் என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டார் (மாற்கு 7). விதவையின் கண்ணீரில் கட்டின சுவர் எழுப்புதலைத் தாங்காது.

7. எழுத முடியாத சுதந்தரம்

உயிலில் எழுத முடியாத ஒன்று இருக்கிறது. நூலகராக உழைத்த உழைப்பை, நஷ்டக் கடையை வாங்கின தைரியத்தை எந்தக் காகிதத்தில் எழுதி மகனுக்குக் கொடுக்க முடியும்? தீமோத்தேயுவுக்கு வீடு வாசல் வந்ததாகப் பவுல் எழுதவில்லை. பாட்டி லோவிசாளிடத்திலிருந்த விசுவாசம் தாய் ஐனிக்கேயாளுக்கு வந்து, அவளிடத்திலிருந்து அவனுக்கு வந்தது என்றே எழுதினார் (2 தீமோத்தேயு 1:5). மூன்று தலைமுறை. 81 வருஷத்தில் கை மாறாத ஆஸ்தி அது. அந்தச் சுதந்தரத்தைத் தினமும் குடும்ப ஜெபத்தில் கொஞ்சம் கொஞ்சமாய்க் கைமாற்ற வேண்டும். பிள்ளைக்கு ஷெட்டின் சாவியைக் கொடுக்கிற தகப்பனே, முழங்கால் போடக் கற்றுக் கொடுத்தாயா?

இப்போது எபிரெயர் 9-ம் அதிகாரத்துக்குத் திரும்புவோம். உலகத்தில் உயில் எழுதினவன் மரித்தால் அதை நிறைவேற்ற அவனால் முடியாது. பிள்ளைகள் சண்டை போட்டாலும் வந்து கேட்க முடியாது. ஆனால் ஒரே ஒருவர் சாசனம் எழுதினார், அதைத் தம்முடைய இரத்தத்தால் உறுதிப்படுத்தினார், அது பலனடையும்படி மரித்தார், மூன்றாம் நாளில் எழுந்து, தம்முடைய சாசனத்தைத் தாமே நிறைவேற்ற இன்றைக்கும் ஜீவிக்கிறார். அல்லேலூயா! அந்தச் சாசனத்தில் உன் பேர் உண்டு. மூத்தவன் இளையவன் இல்லை, மகன் மகள் இல்லை, ஒருவன் பெற்றதினால் மற்றவனுக்குக் குறைவதில்லை. துருப்பிடிக்காத, கை மாறாத சுதந்தரம் அது.

அதைப் பெற்றவன் ஏன் தம்பியின் நாலு சென்ட் நிலத்துக்காகக் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டும்? பாக வழக்கோடு தம்மிடம் வந்தவனுக்கு இயேசு பங்கு பிரித்துக் கொடுக்கவில்லை. பொருளாசையைக் குறித்தே எச்சரித்தார் (லூக்கா 12). ஆகையால் "பாஸ்டர், வந்து பங்கு பிரிச்சுக் குடுங்க" என்று என்னைக் கூப்பிடாதேயுங்கள். தகப்பன்மார் எழுதிவையுங்கள். பிள்ளைகள் விட்டுக்கொடுங்கள். அந்த ஷெட்டில் இன்னும் இரண்டு பூட்டும் தொங்குகிறது. இந்த மாத உபவாச ஜெபத்தில் அதற்காகவும் ஜெபிப்போம்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, நாங்கள் கையாளுகிறதெல்லாம் உம்முடையது. எங்கள் வீட்டுக் காரியத்தை ஒழுங்குபடுத்த எங்களுக்கு ஞானம் தாரும். பிரிந்திருக்கிற சகோதரரை ஒரே பந்தியில் உட்காரச் செய்யும். வாசற்படியில் உட்கார்ந்திருக்கிற தாய்மாரை நினைத்தருளும். எங்கள் பிள்ளைகளுக்கு உம்மையே சுதந்தரமாய் விட்டுப்போகக் கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.

மாரநாதா!

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் சகோதரன்